உதிலை போட்டு வாறம்

போன மாதம் அண்ணா கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருந்தார். அம்மாவை அங்கே எடுக்கிற அலுவல் நடக்கிறது. அதற்கு உதவுகிறவர் கேட்ட விபரமாம்: அம்மா பிறந்ததிலிருந்து எந்தெந்த முகவரியில் இருந்தார், எந்த மாதம் அங்கே வந்தார், எந்த மாதம் அங்கிருந்து போனார், ஏன் போனார். கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்த தாள். ஒரு முகவரிக்கு ஒரு வரி.

"அம்மா எப்ப எப்ப மூவ் பண்ணினவ எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டு எழுதி அனுப்பு" என்றார் அண்ணா. போன் ஸ்பீக்கரில் இருந்தது. குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்களோ மூவ் பண்ணினது? ஆமியெல்லோ மூவ் பண்ணினது!"

அண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மூவ்' என்பது ஆங்கிலச் சொல்லே இல்லை. பலாலியில் ஆமி முகாம். "விடியப்புறம் பலாலியிலை இருந்து மூவாம்" என்று ஒழுங்கை முனையில் யாராவது சொன்னால் போதும். அம்மா நகைப் பையை எடுப்பார், அப்பா அடையாள அட்டைகளைத் தேடுவார், நான் புத்தகப் பைக்குள் ஒரு சட்டையைத் திணிப்பேன். மூவ் என்றால் வேறு யாரோ அசைவது. அவர்கள் அசைந்தால் நாங்கள் அசைய வேண்டும். எங்களுடைய அசைவுக்கு வேறு வேறு சொற்கள் இருந்தன. அந்தச் சொற்களைப் பற்றித்தான் இதில் எழுதப் போகிறேன், ஏனென்றால் தாளை நிரப்ப உட்கார்ந்த மூன்று பின்னேரங்களிலும் அம்மா ஒரு வரிக்குச் சொன்ன வினைச்சொல்லை இன்னொரு வரிக்குச் சொல்லவில்லை.

முதல் வரி மாவிட்டபுரம். அம்மா பிறந்தது, படித்தது, கலியாணம் செய்தது எல்லாம் அங்கேதான். கலியாணத்துக்குப் பிறகு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "நான் ஏன் போறன்? அப்பாவெல்லோ வந்தவர்" என்றார்.

எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனமாகத்தான் வரும். அதனால் கலியாணத்தோடு ஊர் மாறுகிறவர் ஆம்பிளை. தாலி கட்டியபின் கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள், அங்கே சாப்பாடு, பலகாரம், படம் எடுப்பு எல்லாம் நடக்கும். பிறகு குடித்தனம் பெண் வீட்டில். தமிழ்நாட்டில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களாமே, இங்கே அப்படிப் பார்த்தால் பாதி யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டி வரும். அப்பா கரவெட்டிக்காரர். சாகும்வரை "மாவிட்டபுரத்தார் மருமகன்" என்றுதான் அவரைச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இப்படி ஒரு தாள் வந்திருந்தால் பெரிய வில்லங்கமாகியிருக்கும். அவருக்கு வேலை கொழும்பில். கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் நாலு பேரோடு 14 வருடம் இருந்தார். ஆனால் அவர் கொழும்பில் வசித்தார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. "அவர் கொழும்பிலை வேலை" என்பார்கள். மாதக் கடைசியில் யாழ்தேவியில் வந்து இறங்குவார். அதற்குப் பெயர் "வீட்டை வாறது". 1956இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை எத்தனையோ ஆயிரம் கிளறிக்கல் உத்தியோகத்தரை இப்படி ஏற்றி இறக்கியது. பதினாலு வருடம் ஒரு இடத்தில் படுத்து எழும்பினாலும் அது இருப்பு ஆகாது. மணியோடர் எங்கே போகிறதோ அங்கேதான் இருப்பு. அவருக்கு முந்திய தலைமுறையில் மலாயாவுக்குப் போனவர்களைக் "கப்பலேறினவர்" என்றார்கள். ரயில்வேயில், கந்தோரில் வேலை செய்து, பென்சனோடு திரும்பி வந்து ஊரில் கல்வீடு கட்டினார்கள். ஏறினவர் ஒரு நாள் இறங்குவார் என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, முதல் வரிக்கே திரும்புவோம். மாவிட்டபுரத்திலிருந்து எப்போது போனீர்கள்? 1990 ஜூன். அது எனக்கே தெரியும், எனக்கு அப்போது 9 வயது. ஆனால் "போனது" என்ற சொல்லை அம்மா ஏற்கவில்லை.

"போகேல்லைப் பிள்ளை. வெளிக்கிட்டனாங்கள்."

வெளிக்கிடுதல் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு முழுச் சடங்கு. முகம் கழுவி, தலை இழுத்து, நல்ல சீலை கட்டி, பவுடர் பூசி, திறப்பை எடுத்து, படலையைச் சாத்துவது வரை எல்லாம் அதற்குள் அடக்கம். "வெளிக்கிட்டாச்சோ?" என்று வாசலில் நின்று ஒருவர் கத்தினால், உடுத்து முடிந்ததா என்றும் அர்த்தம், புறப்படலாமா என்றும் அர்த்தம். "வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன்" என்று போனில் சொல்கிறவர் இன்னும் குளிக்கவே போகவில்லை என்றும் அர்த்தம். பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது "வெளிக்கிடுத்திறது". என்னை அன்றைக்கு வெளிக்கிடுத்தியது அம்மம்மா. இரட்டைப் பின்னல் பின்னி ரிபன் கட்டிவிட்டார். வானத்தில் ஹெலி சுற்றிக்கொண்டிருந்தபோது ரிபன் எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். ஆனால் படலைக்கு வெளியே போவதென்றால் அம்மம்மாவுக்கு அதுதான் ஒழுங்கு.

இதே சொல்லைத்தான் ஆமிக்கும் சொன்னோம். "பலாலியிலை இருந்து வெளிக்கிட்டிட்டான்." அவர்களும் உடுத்து வெளிக்கிட்டவர்கள்தானே, வேறு விதமான உடுப்பு.

அன்று அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னதை நான் கேட்டேன். "உதிலை இணுவில் மட்டும் போட்டு வாறம் மாமி. மாட்டுக்கு ஒருக்கால் தண்ணி காட்டிவிடுங்கோ."

'போட்டு வாறம்' என்றால் போய்விட்டு வருகிறோம். 'உதிலை' என்பதை ஊருக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். தமிழில் சுட்டெழுத்து மூன்று என்று இலக்கணத்தில் படித்திருப்போம்: அ, இ, உ. அங்கே, இங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். நடுவில் உள்ள 'உ' தமிழகப் பேச்சில் இல்லாமல் போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உது, உவன், உங்கை, உந்தப் பக்கம். என் கையில் இருப்பது இது, தூரத்தில் தெரிவது அது, உன் கையில் இருப்பது உது. 'உதிலை' என்றால் கைக்கெட்டாத, ஆனால் கண்ணுக்குத் தப்பாத இடம். 'உங்கினேக்கை' என்றால் அதைவிடக் கொஞ்சம் தளர்வு, அந்த வட்டாரத்துக்குள் எங்கேயோ. சைக்கிளை எடுத்துக்கொண்டு "உங்கினேக்கை போட்டு வாறன்" என்று போன அப்பா இருட்டின பிறகு வருவார். எங்கே போறியள் என்று புறப்படுகிறவரிடம் கேட்கக் கூடாது, சகுனப் பிழை. "தூரமோ?" என்று கேட்கலாம். அதற்கு உரிய பதிலும் "இல்லை, உதிலை" என்பதுதான். எவ்வளவு தூரமானாலும் உதிலைதான்.

மாவிட்டபுரத்திலிருந்து இணுவில் 10 கிலோமீற்றர் அளவு. காங்கேசன்துறை வீதியால் நேரே வந்தால் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் வராது. அப்பா மாட்டைக் கட்டையில் விட்டால் பட்டினி கிடக்கும் என்று அவிழ்த்து விட்டார். அது எங்களோடு வீதி வரை வந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறார், நான் பார்த்தேன். மாடு கட்டுகிறதிலும் ஒரு சொல் உண்டு: ஒரு இடத்துப் புல் முடிந்தால் கட்டையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடித்து "மாத்திக் கட்டுறது". பின்னேரமானால் பட்டிக்கு வரும் மாடு. மாமியும் இரண்டாம் நாளே வெளிக்கிட்டுவிட்டார் என்பது எங்களுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வரி இணுவில். சித்தி வீட்டுப் பின்பத்தியில் இருந்தோம். இதற்கு அம்மாவின் சொல் "ஒதுங்கினது". மழைக்கு ஒதுங்குவதுபோல. அந்த ஒதுக்கம் ஐந்து வருடம்.

இந்த இடத்தில் தாளில் இல்லாத ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அது எங்கள் வரியே இல்லை.

அப்பாவுக்கு யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் ஒரு தையற்காரர் பழக்கம். முஸ்லிம் மனிதர். கொழும்பிலிருந்து அப்பா கொண்டுவருகிற துணியெல்லாம் அவரிடம்தான் போகும். 1990 ஒக்ரோபரில் அப்பா இரண்டு நீளக் காற்சட்டைக்குத் துணி கொடுத்திருந்தார். நவம்பர் முதல் கிழமை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடை பூட்டு. "சோனகர் போட்டினமாம்" என்று அம்மாவிடம் சொன்னார். துணி போய்விட்டதே என்று அம்மா கவலைப்பட்டார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் பேசப்பட்டது.

போட்டினம். போய்விட்டார்களாம். பேருந்தைப் பிடித்து, சந்தைக்கு, கலியாணத்துக்குப் போனவர்களைச் சொல்கிற அதே சொல். 1990 ஒக்ரோபர் 30ஆம் தேதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து, வீடு வாசல் கடை எல்லாவற்றையும் விட்டுப் போகச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அப்படி அனுப்பப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவர்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள், அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. அவர்கள் இதை வெளியேற்றம் என்றுதான் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கனகாலம் 'வெளியேறினவை' என்று சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

வெளியேறினார்கள், வெளியேற்றினார்கள். ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று பாடமாக்கினோம்: திருந்தினான் – திருத்தினான், உருண்டது – உருட்டினான், ஏறினான் – ஏற்றினான். பரீட்சைக்குப் பத்துச் சோடி எழுதி முழுப் புள்ளி வாங்கினேன். அந்த ஒற்று ஒரு ஆளைக் குறிக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. அது இருந்தால், யார் செய்தது என்று கேட்க வேண்டும். விழுந்துவிட்டால் கேள்வியும் விழுந்துவிடும். அப்பாவின் காற்சட்டைத் துணி அந்தக் கடைக்குள் என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது. அந்த மனிதர் என்ன ஆனார் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30.

1995 பற்றி யாழ்ப்பாணத்தில் எவரைக் கேட்டாலும் ஒரு கதை வரும். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் பின்னேரம் வந்தது. நாங்கள் இருந்த வலிகாமத்தை விட்டு எல்லாரும் கிழக்கே தென்மராட்சிக்குப் போகச் சொன்னது. இரவு மழை. செம்மணி, நாவற்குழிப் பாலத்தால் ஒரு சனம், கோப்பாய், கைதடியால் ஒரு சனம். இலட்சக்கணக்கான ஆட்கள் ஒரே இரவில் இரண்டு ஒடுக்கமான வழியில். நாங்கள் கோப்பாயால் போனோம். அம்மம்மா சைக்கிள் கரியரில், தலைகணித்தோடு. அண்ணா ஹாண்டிலைப் பிடித்திருந்தார், அப்பா பின்னால் தள்ளினார்.

நாங்கள் சைக்கிள் 'ஓடுகிறவர்கள்'. "அவர் நல்லாக் கார் ஓடுவார்" என்போம். ஓட்டுவார் என்பது எழுத்தில்தான் வரும். ஒரு முறை இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் இதைக் கேட்டு, கார்தானே ஓடும், அவர் எப்படி ஓடுவார் என்று சிரித்தார். அன்றைக்குச் சைக்கிளை ஒருவரும் ஓடவில்லை, உழக்கவும் இல்லை, உருட்டினார்கள். ஏறி உழக்க இடமில்லை. ஆனால் அந்த இரவை இன்றுவரை "ஓடினது" என்கிறோம். "95இலை ஓடேக்கை" என்று ஒரு கதையைத் தொடங்குவோம். ஓட்டினது யார் என்ற கேள்வி எங்கள் பேச்சுவழக்கிலேயே ஒளிந்துவிடுகிறது.

அம்மாதான் அதை வெளியே எடுத்தார். மூன்றாவது வரிக்குக் காரணம் என்ன எழுத என்று கேட்டேன். முருங்கையிலைக் காம்புகளைக் கூட்டிக் குப்பைக் கடகத்தில் போட்டபடி சொன்னார்:

"சனத்தைச் சாய்ச்சவை எண்டு எழுது."

சாய்த்தல் என்பது எங்களுக்கு ஆடு மாட்டைத் தடியால் வழிகாட்டி ஓட்டிப்போவது. "மாடு சாய்ச்சுக்கொண்டு வாறான்" என்றால் பத்து மாடு முன்னால், ஒரு பையன் பின்னால். அம்மா மாட்டுக்காரி, சொல்லைத் தெரிந்துதான் போடுவார். யார் சாய்த்தது என்று கேட்டேன். "பின்னாலை வந்ததும் சாய்ச்சது, முன்னாலை நிண்டதும் சாய்ச்சது" என்றார். இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? 'யுத்தம்' என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்குள் ஆளே இல்லை என்று தெரிந்துதான் எழுதினேன்.

இணுவிலிலிருந்து மீசாலை 25 கிலோமீற்றர்கூட வராது. மறுநாள் விடிந்தபோது நாங்கள் கைதடியைத் தாண்டியிருக்கவில்லை. நடந்தோம் என்று சொல்ல முடியாது, நகர்ந்தோம். தேர் நகருகிற மாதிரி, ஓரடி வைத்து நின்று, பிறகு ஓரடி. நல்லூர்த் தேரை இழுத்த கையெல்லாம் அன்றைக்கு அந்த வீதியில்தான் நின்றது. மழைத் தண்ணீரைக் குடைச் சீலையில் பிடித்துக் குடித்தவர்களைப் பார்த்தேன்.

மீசாலையில் ஆறு மாதம். 1996 சித்திரையில் தென்மராட்சியும் ஆமியிடம் போக, சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி வந்த வழியே வலிகாமத்துக்குத் திரும்பியது. மற்றப் பாதி கிளாலியால் வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து, புலிகளிடம் இருந்த வன்னிக்குப் போனது. கிளாலியால், கொம்படியால், ஊரியானால், ஓமந்தையால்: ஒரு காலத்தைச் சொல்ல எங்களுக்கு இந்த 'ஆல்' போதும். எந்தப் பாதை அப்போது திறந்திருந்தது என்பதை வைத்து வருடத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் "கப்பலாலை" என்றால் திருகோணமலைக்கு. முதலில் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது, பின்னாளில் ஆமியிடம் கிளியரன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் மாறினார்கள், எடுத்தவர்கள் நாங்கள்தான்.

சித்தப்பா குடும்பம் வன்னிக்குப் போனது. "உள்ளுக்கை போட்டினம்" என்று சொன்னோம். வன்னி உள்ளுக்கை. கனடா, லண்டன், ஜேர்மன் எல்லாம் வெளியிலை. "மகன் எங்கை?" "வெளியிலை." "தம்பி குடும்பம்?" "உள்ளுக்கை." இதற்கு மேல் ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். நாங்கள் நின்ற இடம் உள்ளேயா வெளியேயா என்பதற்குச் சொல் இருக்கவில்லை. சித்தப்பா குடும்பத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத அம்மாவின் அனுமதி கிடைக்கவில்லை.

இதெல்லாவற்றுக்கும் சேர்த்துக் கந்தோர்களில் ஒரே சொல், இடப்பெயர்வு. நல்ல தமிழ்ச்சொல்தான். பெயர்தல் என்றால் நின்ற இடம் விட்டு அசைதல். வேரோடு பெயர்த்தெடுப்பதும், சுவரில் சாந்து பெயர்வதும், ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ப்பதும் அதுவே. புலம்பெயர்தல் இன்னும் பழையது: காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறதேசத்தாரைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிற என் அண்ணாவுக்கும் அதே அடை. பாட்டில் அது இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு, இப்போது இங்கிருந்து போனவர்களுக்கு.

பெயர்ச்சி என்றால் அம்மாவுக்கு முதலில் வருவது சனிப்பெயர்ச்சி. "சனியனே இரண்டரை வருசத்திலை அடுத்த வீட்டுக்குப் போயிடும். எங்களுக்கு எத்தினை இரண்டரை வருசம்?" நான் கணக்குப் பார்த்தேன், எட்டுக்கு மேல் வந்தது.

அகதி என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. நிவாரண அரிசி வரிசையில் நின்ற காலத்திலும் "கூப்பன் எடுக்கப் போறன்" என்றுதான் போவார். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. கதி என்றால் செல்லுதல், போக்கு. அகதி, போக்கற்றவர். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு, போக வழியில்லாதவர் என்று பெயர்.

அண்ணா 1998இல் போனார். அதில் 'போ' என்ற சொல்லை நாங்கள் அதிகம் பாவிக்கவில்லை. அனுப்பினோம். ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, அம்மாவின் தாலிக்கொடியை ஈடு வைத்து அனுப்பியது. ஏழு மாதம் இடையில் எங்கெங்கோ நின்றார். ஒரு நாள் சந்திக் கடைக்கு ரெலிபோன் வந்தது. "சேர்ந்திட்டான்" என்று கத்திக்கொண்டு அப்பா ஓடி வந்தார். போய்ச் சேர்ந்திட்டான் என்று முழுதாகச் சொல்லக் கூடாது, அது வேறு அர்த்தம். 'போய்' என்பதை விழுங்கிவிட வேண்டும். அம்மா பிள்ளையாருக்கு நூறு தேங்காய் உடைத்தார்.

இப்போது அதே அண்ணா அம்மாவை எடுக்கிறார். போனவர்கள் இருப்பவர்களை எடுப்பார்கள். "அவளைத் தமையன் எடுத்திட்டான்", "அவையும் எடுபட்டுப் போட்டினம்". இந்த 'எடு' அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சங்கக்கடையிலை சாமான் எடுக்கிற மாதிரி என்னை என்ன எடுக்கிறது?" என்றார். ஆனால் பேரப்பிள்ளைகளின் படத்தை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கடைசி வரிகள் எளிதாக முடிந்தன. மறுபடியும் இணுவில், பிறகு அதே ஒழுங்கையில் வாடகை வீடு, பிறகு நான் கட்டிய இந்த வீடு. இந்த வீட்டுக்குக் குடிபூரல் செய்தோம். குடிபுகுதல் என்ற சொல்தான் எங்கள் வாயில் குடிபூரல் ஆகிவிட்டது. பால் பொங்கி வழிகிற திசையைப் பார்த்து எல்லாரும் திருப்திப்பட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மாவிட்டபுரம் சிக்கல். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் எங்கள் பக்கத்துக் காணிகளை விட்டார்கள். "விட்டாச்சாம்" என்ற ஒரு சொல்லில் செய்தி வந்தது. காணியைப் பிடித்து வைத்திருந்த கை தளர்ந்தது என்பதுபோல ஒரு சொல். மினிபஸ்ஸில் போனோம். "அரக்கி நில்லுங்கோ, அரக்கி நில்லுங்கோ" என்று கண்டக்டர் பெடியன் கத்திக்கொண்டே இருந்தான். அரக்குவது என்றால் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் நகர்வது. இருக்கிற இடத்தை முழுதாக விடாமல் மற்றவருக்கு இடம் கொடுப்பது. நகர்வதற்கு இருக்கிற சொற்களிலே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வீடு இருக்கவில்லை. அத்திவாரம் இருந்தது, அதற்குள் இருந்து ஒரு வேம்பு எழும்பியிருந்தது. கிணற்றை வைத்துத்தான் குசினி எந்தப் பக்கம் என்று அம்மா கண்டுபிடித்தார். காடு வெட்டி, வேலி அடைத்து, ஒரு தகரக் கொட்டில் போட்டோம். மீள்குடியேற்றப் பதிவுக்கு விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம், கையெழுத்து வைத்தோம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவோமா, குடிபூரல் மாதிரி, என்று கேட்டேன்.

"குடிபூரல் எண்டால் புது வீட்டுக்கு. இது என்ரை வீடு. பேந்தென்ன குடிபூர?"

கிழமையில் இரண்டு நாள் போகிறார். காலையில் வெளிக்கிட்டு, தென்னங்கண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மத்தியானம் திரும்புவார். எதிர்வீட்டு அக்கா "தூரமோ அம்மா?" என்று கேட்பார். அம்மாவின் பதிலை நான் எழுதத் தேவையில்லை.

தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகும் ஒன்று வெறுமையாகவே கிடந்தது. முதல் வரி, மாவிட்டபுரம், அங்கிருந்து போன மாதம். "அதுக்கு என்ன எழுதுறது? வாறம் எண்டு சொல்லிப்போட்டெல்லோ வந்தனாங்கள்" என்று சொல்லி அம்மா மூன்று பின்னேரமும் அதைத் தள்ளிக்கொண்டே போனார். அண்ணா இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். வெறுமையாக அனுப்பினால் திருப்பி அனுப்புவார்களாம்.

அவர் படுத்த பிறகு 1990 ஜூன் என்று எழுதி, படம் எடுத்து அனுப்பினேன்.

விடிய எழும்பித் தேத்தண்ணி ஊற்றும்போது கேட்டார், "அந்தக் கட்டம் எழுதினியோ?"

"எழுதினனான்."

"என்னெண்டு?"

"வெளிக்கிட்டது எண்டு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அது சரி" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியைத் தந்தார்.